மூச்சின் உழைப்பை அளந்த கதை

மனிதன் பிறந்த கணம் முதல் இறக்கும் கணம் வரை ஓயாது நடைபெறும் தொழில்கள் இரண்டு. ஒன்று இருதயத்தின் துடிப்பு, மற்றொன்று மூச்சு. இருதயம் நம்மைக் கேட்டுக்கொண்டு துடிப்பதில்லை. மூச்சோ நாம் விரும்பினால் சற்று நிற்கும், விரும்பினால் விரையும், நாம் மறந்துவிட்டால் தானே நடக்கும். அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஒருவர் நிமிஷத்துக்கு ஏறக்குறையப் பதினைந்து முறை மூச்சு விடுகிறார். ஒவ்வொரு முறையும் அரை லிட்டர் காற்று உள்ளே வருகிறது. இதற்காக அவர் உழைப்பதாகவே அவருக்குத் தோன்றுவதில்லை. உடல் செலவிடும் பிராணவாயுவில் நூற்றுக்கு ஐந்து பங்குகூட இந்த வேலைக்குச் செலவாவதில்லை.

ஆனால் நுரையீரல் நோயால் இறுகிப்போனவருக்கு, அல்லது மூச்சுக்குழல்கள் சுருங்கிப்போனவருக்கு, இதே மூச்சு மூட்டை சுமப்பது போன்ற வேலையாகிவிடுகிறது. அப்போது மருத்துவர்கள் அவருக்கு உதவியாகச் செயற்கைச் சுவாச இயந்திரத்தைப் பொருத்துகிறார்கள். வெண்டிலேட்டர் என்று நாம் இன்று பத்திரிகைகளில் படிக்கும் கருவி அதுதான். அங்கே ஒரு கேள்வி பிறக்கிறது. காற்று உள்ளே போகிறது, வெளியே வருகிறது. மார்பு ஏறி இறங்குகிறது. இதில் இயந்திரத்தின் உழைப்பு எவ்வளவு? நோயாளியின் உழைப்பு எவ்வளவு? பார்த்தால் தெரியாது. இந்தக் கேள்விக்கு விடை காண விஞ்ஞானிகள் பல தலைமுறைகள் பாடுபட்டார்கள். அந்த வரலாற்றைத்தான் இப்போது சொல்ல வந்தேன்.

மூச்சை முதன்முதலில் முறையாக அளந்தவர்களில் ஜான் ஹட்சின்ஸன் என்ற ஆங்கில மருத்துவரைக் குறிப்பிடவேண்டும். 1846இல் அவர் தமது ஸ்பைரோமீட்டர் என்ற கருவியைப் பற்றி விரிவாக எழுதினார். நீரில் கவிழ்த்த ஒரு பாத்திரத்துக்குள் ஒருவர் தம் மூச்சு முழுவதையும் ஊதினால், அப்பாத்திரம் எவ்வளவு உயருகிறது என்பதைக் கொண்டு காற்றின் அளவைக் கணக்கிடலாம். 2,000க்கு மேற்பட்டவர்களை அவர் இவ்வாறு அளந்தார். அரிய உழைப்புத்தான். ஆயினும் அவர் அளந்தது காற்றின் கொள்ளளவை. அந்தக் காற்றை அசைக்கத் தசைகள் பட்ட பாட்டை அன்று. கிணற்றிலிருந்து எத்தனை குடம் நீர் இறைத்தார்கள் என்று எண்ணுவது ஒன்று; கயிற்றை இழுத்தவரின் தோள் எவ்வளவு வலித்தது என்று அறிவது மற்றொன்று.

அளக்கும் கருவியிலிருந்தே மூச்சு கொடுக்கும் இயந்திரம் பிறந்த கதை சுவையானது. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், 1920களில், பூனையின் மூச்சை அளப்பதற்காக அதன் உடலைக் காற்றுப் புகாத பெட்டியில் வைத்துத் தலையை மட்டும் வெளியே விட்டிருந்தார்கள். பூனை மூச்சு இழுத்தால் உடல் விரியும். பெட்டியின் காற்று நெருக்கப்படும். அந்த அழுத்த மாறுதலே மூச்சின் அளவைக் காட்டும். இதைக் கண்ட பிலிப் டிரிங்கர் என்ற பொறியியல் அறிஞர் கணக்கைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். மூச்சு பெட்டியின் அழுத்தத்தை மாற்றுகிறதென்றால், பெட்டியின் அழுத்தத்தை நாம் மாற்றினால் மூச்சு வரவேண்டும் அல்லவா? தசைகளைச் செயலிழக்கச் செய்த பூனையை அப்பெட்டியில் வைத்துப் பார்த்தார், மூச்சு வந்தது. லூயி ஷா என்பவருடன் சேர்ந்து மனித உடல் அளவுக்கு ஒரு பெட்டியைச் செய்தார். தரையைச் சுத்தம் செய்யும் உறிஞ்சு கருவிகளின் விசிறிகளே அதற்குக் காற்றுப் பொறியாயின. 1928 அக்டோபரில் பாஸ்டன் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் இளம்பிள்ளை வாதத்தால் மூச்சு நின்றுகொண்டிருந்த எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியை அதில் வைத்தார்கள். சிறிது நேரத்தில் அவளுக்கு நினைவு திரும்பியது. சில நாட்களுக்குப் பின் அவள் இறந்துபோனாள் என்றாலும், ‘இரும்பு நுரையீரல்’ என்ற பெயருடன் அந்த இயந்திரம் உலகெங்கும் பரவியது.

இனி டென்மார்க் தேசத்துக்குச் செல்வோம். 1952ஆம் ஆண்டுக் கோடையில் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் கொடுமையாகப் பரவிற்று. பிளெக்டம் மருத்துவமனை என்ற தொற்றுநோய் மருத்துவமனைக்கு நோயாளிகள் வந்து குவிந்தார்கள். நாளொன்றுக்கு ஐம்பது பேர் வரை வந்த நாட்களும் உண்டு. மருத்துவமனையில் இருந்ததோ ஒரே ஓர் இரும்பு நுரையீரல். மார்பை மட்டும் கவியும் சிறு கருவிகள் ஆறு. முதல் சில வாரங்களில் இக்கருவிகளால் சிகிச்சை பெற்ற 31 பேரில் 27 பேர் மூன்று நாட்களுக்குள் இறந்தனர்.

இறந்தவர்கள் மூச்சுத் திணறலால் இறந்தார்கள் என்று மருத்துவர்கள் நினைக்கவில்லை என்பதுதான் இங்கே கவனிக்கவேண்டியது. பலருடைய உடல் நீலம் பாயாமல் சிவந்தே இருந்தது. பிராணவாயு கொடுக்கப்பட்டதல்லவா? இரத்தத்தில் பைகார்பனேட்டு என்ற உப்பு மிகுந்திருப்பதைப் பரிசோதனைச்சாலை காட்டியது. இரத்தம் காரத்தன்மை அடைந்துவிட்டது, ஏதோ விளங்காத கோளாறு என்று பொருள் கொண்டார்கள். தலைமை மருத்துவர் லாஸன் ஆலோசனைக்காக அழைத்தவர்களில் பியோர்ன் இப்ஸன் என்ற இளம் மயக்க மருந்து நிபுணரும் இருந்தார். அவர் வேறு பொருள் கண்டார். மூச்சுப் போதாமையால் கரியமில வாயு வெளியேறாமல் உடலில் தேங்குகிறது. அதைச் சமாளிக்கவே பைகார்பனேட்டு மிகுகிறது. உண்மையில் இரத்தம் அமிலமாகிக் கொண்டிருக்கிறது என்றார். சிவந்த முகம் எல்லோரையும் ஏமாற்றிவிட்டது. பிராணவாயு உள்ளே வருவது ஒரு கணக்கு. கரியமில வாயு வெளியே போவது மற்றொரு கணக்கு. முதற் கணக்கைப் பார்த்தவர்கள் இரண்டாவதைப் பார்க்கவில்லை.

ஆகஸ்டு 27ஆம் தேதி பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியிடம் இப்ஸன் தம் கருத்தைச் சோதிக்க முன்வந்தார். அவள் கைகால்கள் செயலிழந்திருந்தன; மூச்சு திணறிக்கொண்டிருந்தது. தொண்டைக்குக் கீழே மூச்சுக்குழலில் துளையிட்டு ஒரு குழாயைச் செலுத்தி, ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கிக் காற்றை ஊட்ட முயன்றார். காற்று உள்ளே போகவில்லை. சிறுமி தன்னிடம் எஞ்சியிருந்த சிறு பலத்தைக் கொண்டு அந்தக் காற்றை எதிர்த்துப் போராடினாள். பை அமுங்கும் நேரம் ஒன்று. அவள் இழுக்கும் நேரம் வேறு. நிலைமை மோசமாகிக்கொண்டே வந்தது. வேடிக்கை பார்க்க வந்திருந்த மருத்துவர்கள் நம்பிக்கை இழந்து அங்கிருந்து அகன்றார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். இப்ஸன் அப்போது துணிந்து ஒரு காரியம் செய்தார். பென்டதால் என்ற மயக்க மருந்தை ஊசி மூலம் செலுத்தினார். சிறுமியின் சொந்த மூச்சு அடங்கியது. உடனே பையின் காற்றுத் தடையின்றி நுரையீரலுக்குள் சென்றது. தேங்கிய கரியமில வாயு வெளியேறியது. அவள் பிழைத்தாள்.

மாணவ நண்பர்களே, இந்த நிகழ்ச்சியைப் பெரும்பாலோர் தீவிர சிகிச்சையின் பிறப்பு என்று சொல்லுவார்கள். நான் இதில் இன்னொன்றையும் காண்கிறேன். நோயாளியின் முயற்சியும் உதவுபவரின் முயற்சியும் ஒன்றையொன்று எதிர்த்தால் உதவியே தீங்காகிவிடும் என்பது அன்று கண்முன்னே நிகழ்ந்தது. அளவுகோல் எதுவும் இல்லை. பையைப் பிடித்திருந்த கைதான் அதை உணர்ந்தது.

அதன் பின்னர் நடந்தது உங்களைப் போன்றவர்களின் கதை. அத்தனை நோயாளிகளுக்கும் இரவு பகலாகப் பை அமுக்க ஆட்கள் எங்கே? மருத்துவக் கல்லூரி மாணவர்களும் பல் மருத்துவ மாணவர்களும் வந்தார்கள். ஏறக்குறைய 1,500 மாணவர்கள் முறை வைத்துக்கொண்டு நோயாளிகளின் தலைமாட்டில் அமர்ந்து, மொத்தம் 1,65,000 மணி நேரம் கையால் மூச்சு ஊட்டினார்கள். ஒரே சமயத்தில் எழுபது நோயாளிகள் வரை இவ்வாறு உயிர் தரித்திருந்தார்கள். பத்தில் ஒன்பது பேர் இறந்த இடத்தில், இறப்பவர் தொகை பாதிக்கும் கீழே இறங்கிற்று. பரிசோதனைச்சாலைத் தலைவர் பௌல் அஸ்ட்ரூப் இரத்தத்தின் அமிலத் தன்மையை நேராக அளந்து இப்ஸன் கருத்தை உறுதிப்படுத்தினார். பின்னர் கரியமில வாயுவின் அழுத்தத்தை விரைவில் கணக்கிடும் முறையையும் வகுத்தார். மாணவர் கையின் இடத்தை நாளடைவில் இயந்திரங்கள் எடுத்துக்கொண்டன. ஆனால் மாணவனின் கைக்கு இருந்த உணர்ச்சி இயந்திரத்துக்கு இல்லை. நோயாளி இழுக்கிறாரா, எதிர்க்கிறாரா, சோர்ந்துவிட்டாரா என்பதைக் கை அறியும். இரும்பு எப்படி அறியும்?

அதற்கு வேண்டிய பௌதிகம் வேறோர் இடத்தில், யுத்த காலத்தில் உருவாகிக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் வாலஸ் பென், ஹெர்மன் ரான், ஆர்தர் ஓட்டிஸ் என்ற மூவர், மிக உயரத்தில் பறக்கும் விமானிகளுக்கு அழுத்தத்தோடு காற்று ஊட்டுவது பற்றி ஆராய்ந்தார்கள். பென் அதற்குமுன் தவளையின் தசை எவ்வளவு வேலை செய்து எவ்வளவு வெப்பம் விடுகிறது என்று ஆராய்ந்து பெயர் பெற்றவர். மூச்சையும் அவர் தசையின் வேலையாகவே பார்த்தார். 1950இல் வெளியான அவர்களுடைய கட்டுரை மூச்சின் வேலையைக் கணிதமாக்கியது.

பள்ளியில் நீங்கள் படித்த பாடந்தான் இது. வேலை என்பது விசையை இடப்பெயர்ச்சியால் பெருக்கி வருவது. காற்றின் விஷயத்தில் விசைக்குப் பதில் அழுத்தம். இடப்பெயர்ச்சிக்குப் பதில் பருமன். பத்து சென்டிமீட்டர் உயர நீரின் அழுத்தத்தைக் கொண்டு ஒரு லிட்டர் காற்றை அசைத்தால் செய்த வேலை ஏறக்குறைய ஒரு ஜூல். நலமுடன் இருப்பவர் ஒரு லிட்டர் காற்றுக்கு அரை ஜூலுக்கு மேல் செலவிடுவதில்லை.

பருமனை ஹட்சின்ஸன் வழியிலேயே அளந்துவிடலாம். தசைகள் உண்டாக்கும் அழுத்தத்தை எங்கே அளப்பது? உதரவிதானம் கீழே இறங்கும்போது, நுரையீரலுக்கும் விலாக்கூட்டுக்கும் இடையிலுள்ள மெல்லிய வெளியில் அழுத்தம் தாழுகிறது. அங்கே ஊசியைச் செலுத்தி அளப்பது ஆபத்து, நுரையீரல் கிழிந்துவிடலாம். நல்ல வேளையாக இயற்கையே ஒரு பக்கவாசலை வைத்திருக்கிறது. உணவுக்குழல் மார்பின் ஊடே செல்கிறது. அதன் சுவர் தளர்ந்தது. மார்பினுள் அழுத்தம் மாறினால் அதிலும் மாறுகிறது. 1878இலேயே இத்தாலிய அறிஞர் லூயிஜி லூசியானி இதைக் கவனித்திருந்தார். ஆனால் ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் அது ஏட்டிலேயே கிடந்தது. 1949இல் ஹாலந்து நாட்டில் பாய்டெண்டைக் என்ற ஆராய்ச்சியாளர் தமது பட்ட ஆய்வுக்காக மனிதர்களிடம் உணவுக்குழல் அழுத்தத்தை அளந்து நுரையீரலின் நெகிழ்ச்சியைக் கணக்கிட்டார். 1964இல் ஜோசப் மிலிக்-எமிலியும் ஜெரி மீடும் கூட்டாளிகளும் அம்முறையைச் செப்பம் செய்தார்கள். பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள மெல்லிய ரப்பர்ப் பலூன் ஒன்றை மெல்லிய குழாயின் நுனியில் கட்டி, மூக்கின் வழியாக விழுங்கச் செய்து, உணவுக்குழலின் கீழ்ப்பகுதியில் நிறுத்தவேண்டும். பலூனை ஊதிப் பெருக்கக் கூடாது. அரை மில்லிலிட்டருக்கு மேற்படாத காற்றே போதும். பலூன் தன் இறுக்கத்தைச் சேர்த்துக் கணக்கைக் கெடுக்காதிருக்க இந்த எச்சரிக்கை. பலூன் சரியான இடத்தில் இருக்கிறதா என்று சோதிக்க 1982இல் பேதூர் என்பவரும் கூட்டாளிகளும் ஓர் எளிய வழி கூறினார்கள். மூச்சு வாயிலை ஒரு கணம் அடைத்துவிட்டு நோயாளியை இழுக்க விடுங்கள். காற்று நகராதபடியால் வாயில் தாழும் அழுத்தமும் உணவுக்குழலில் தாழும் அழுத்தமும் ஒன்றாக இருக்கவேண்டும். இருந்தால் பலூன் உண்மை பேசுகிறது.

இந்த இடத்தில் ஒரு சிக்கல் எழுந்தது. வகுப்பில் நான் ஒரு மாணவனை அழைத்துச் சுவரைத் தள்ளச் சொல்வது வழக்கம். அவன் முகம் சிவக்கத் தள்ளுவான், வேர்த்துப்போவான். சுவர் நகராது. “செய்த வேலை எவ்வளவு?” என்று கேட்பேன். பௌதிகப்படி சுழி. பையன் ஒப்புக்கொள்ள மாட்டான். அவன் கட்சியிலும் நியாயம் உண்டு. மூச்சிலும் இதே நிலைதான். நோயாளி பலமாக இழுத்தும் காற்று வராமற் போனால் அழுத்தம் உண்டு, பருமன் இல்லை. கணக்கில் வேலை சுழியாகிவிடும். ஆனால் தசையோ பிராணவாயுவை எரித்துக்கொண்டிருக்கிறது. 1961இல் மக்கிரெகர், பெக்லேக் என்ற இருவர், மூச்சுத் தசைகள் செலவிடும் பிராணவாயு அவை செய்யும் வேலையைவிட அவை செலுத்தும் விசையோடு நெருங்கிய தொடர்புடையது என்று காட்டினார்கள். ஆகவே பருமனை விட்டுவிட்டு, அழுத்தத்தை அது நீடித்த நேரத்தால் பெருக்கும் வழக்கம் வந்தது. அழுத்த-நேரப் பெருக்கம் என்று அதைச் சொல்லலாம். நலமுடையவருக்கு ஒரு நிமிஷத்தில் இது ஏறக்குறைய 50 முதல் 150 வரை இருக்கும். அலகு, சென்டிமீட்டர் நீர்-வினாடி.

இந்த அளவுகோலை இயந்திரத்தில் இருக்கும் நோயாளிகளிடம் கொண்டு சென்றபோது வியப்பான செய்தி வெளிப்பட்டது. நோயாளி சிறிது இழுத்தால் இயந்திரம் அதை உணர்ந்து மீதிக் காற்றைத் தானே செலுத்தும் முறை ஒன்று வழக்கத்தில் இருந்தது. கதவைத் தட்டினால் போதும், திறப்பது இயந்திரத்தின் பொறுப்பு என்று எண்ணியிருந்தார்கள். அமெரிக்காவில் ஜான் மரினியும் அவருடைய கூட்டாளிகளும் 1985இலும் 1986இலும் வெளியிட்ட ஆராய்ச்சிகள் அந்த எண்ணத்தைத் தகர்த்தன. இயந்திரம் காற்றைக் கொடுக்கத் தொடங்கிய பிறகும் நோயாளியின் தசைகள் ஓய்வதில்லை. மூச்சு முழுவதும் இழுத்துக்கொண்டே இருக்கின்றன. ஓய்வெடுப்பதாகக் கருதப்பட்டவர் உழைத்துக்கொண்டிருந்தார்! நாட்பட்ட நுரையீரல் நோயாளிகள் சிலரிடம் இன்னொரு விசித்திரமும் தென்பட்டது. அவர்களுடைய மெலிந்த முயற்சிகள் சிலவற்றை இயந்திரம் உணர்வதே இல்லை. நோயாளி முப்பது முறை முயன்றிருக்க, இயந்திரத்தின் கணக்கில் இருபது என்றே பதிவாகக்கூடும்.

அப்படியானால் நோயாளியின் முயற்சியை மருந்தால் முற்றும் அடக்கி, இயந்திரத்தையே உழைக்க விடுவதுதானே? இப்ஸன் அன்று செய்தது அதுதானே? நெடுநாள் பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். 2008இல் அமெரிக்காவில் லெவின் முதலானோர் வெளியிட்ட ஆராய்ச்சி அந்த நினைப்பை அசைத்தது. மூளைச் செயல் முற்றும் நின்று, உறுப்புத் தானத்துக்காக இயந்திரத்தில் வைக்கப்பட்டிருந்த 14 பேருடைய உதரவிதானத்தைச் சோதித்தார்கள். அது 18 முதல் 69 மணி நேரம் வரை அசையாதிருந்தது. இரண்டு மூன்று மணி நேரமே இயந்திரத்தில் இருந்த எட்டு அறுவை நோயாளிகளோடு ஒப்பிட்டபோது, தசை இழைகளின் குறுக்குப் பரப்பு பாதிக்கும் கீழாகச் சுருங்கிப் போயிருந்தது. கட்டுப்போட்ட கை மெலிய வாரங்கள் ஆகின்றன. உதரவிதானம் மெலிய மூன்று நாட்கூட வேண்டியதில்லை. இவ்வாறு மெலிந்துவிட்டால் நோய் நீங்கிய பின்னும் நோயாளி இயந்திரத்தை விட்டு வர முடியாது.

மறுபுறம், முயற்சி மிகுந்தாலும் கேடுதான். 1988இல் மஸ்கெரோனியும் கோலோபோவும் கூட்டாளிகளும் ஆடுகளின் மூளையைச் சூழ்ந்த நீரில் ஒரு மருந்தைச் செலுத்தி, அவை இடைவிடாமல் பெருமூச்சு விடும்படி செய்தார்கள். நல்ல நுரையீரல்கள் அந்தப் பெருமூச்சாலேயே புண்பட்டன. அதே மருந்து பெற்று, மூச்சு இயந்திரத்தின் கட்டுப்பாட்டில் வைக்கப்பட்ட ஆடுகளுக்கு அத்தீங்கு நேரவில்லை. நோயாளி தன் மூச்சாலேயே தன் நுரையீரலைக் கெடுத்துக்கொள்ளக்கூடும் என்ற கருத்து அதிலிருந்து வளர்ந்தது. 2020இல் கொரோனா நோய் பரவியபோது மருத்துவர்கள் இதைப் பற்றிக் கடுமையாக வாதிட்டார்கள்.

ஆகவே முயற்சி இருக்கவும் வேண்டும்; மிகவும் கூடாது. எவ்வளவு என்று தெரிய அளந்தாக வேண்டும். ஆனால் பலூன் விழுங்கச் செய்வது எல்லா மருத்துவமனைகளிலும் எளிதில் நடக்கிற காரியம் அன்று. பழகிய கையும் பொறுமையும் வேண்டும். அதனால் எளிய வழிகளைத் தேடினார்கள். மிலிக்-எமிலி இங்கேயும் முன்னிற்கிறார். 1975இல் அவரும் ஒயிட்லா, டெரென் என்பவர்களும் ஒரு நுட்பத்தைக் கூறினார்கள். மூச்சு வாயிலை அடைத்து, இழுப்பின் முதல் பத்தில் ஒரு வினாடியில் அழுத்தம் எவ்வளவு தாழ்கிறது என்று மட்டும் பாருங்கள். அடைப்பை உணர்ந்து உடல் தன் போக்கை மாற்றிக்கொள்ள அந்த நேரம் போதாது. ஆகையால் மூளை இட்ட கட்டளையின் வேகம் அதில் அப்படியே தெரியும். அமைதியான மூச்சில் அது ஒன்றரை சென்டிமீட்டர் நீரைத் தாண்டுவது அரிது. இயந்திரத்தில் உள்ளவருக்கு நான்கை எட்டினால் அவர் மிகவும் உழைக்கிறார் என்று கொள்ளலாம். இன்றைய இயந்திரங்கள் பலவற்றில் இந்த அளவு தானே திரையில் வருகிறது. 1999இல் சிண்டர்பி என்பவரும் கூட்டாளிகளும் உணவுக்குழலில் செலுத்திய குழாயில் மின்முனைகளை வைத்து, உதரவிதானத்தின் மின்துடிப்பையே கேட்டு அதன்படி இயந்திரத்தை ஓட்டிக் காட்டினார்கள்.

2019இல் பெர்டோனி முதலானோர் கூறிய வழி இவற்றுள் மிக எளியது. பலூனும் இல்லை, மின்முனையும் இல்லை. மூச்சை வெளியே விட்டு முடித்த தருணத்தில் இயந்திரத்தின் வாயிலை ஒரே ஒரு மூச்சுக்கு அடைத்துவிடுகிறார்கள். நோயாளி மூடிய கதவை இழுக்கிறார். இயந்திரத்தின் முகப்பில் அழுத்தம் பதினாறு சென்டிமீட்டர் தாழ்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் நான்கில் மூன்று பங்கை எடுத்தால் பன்னிரண்டு. சாதாரண மூச்சில் தசைகள் செலுத்தும் அழுத்தம் ஏறக்குறைய அவ்வளவு. ஐந்துக்கும் பத்துக்கும் இடையே இருந்தால் நலம் என்று வல்லுநர் சிலர் கருதுகிறார்கள். இந்த எண்ணை வைத்துச் சிகிச்சையை நடத்தினால் பிழைப்பவர் தொகை கூடுமா என்பது இன்னும் முடிவாகவில்லை, ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது. பன்னிரண்டைக் கண்ட மருத்துவர் இயந்திரத்தின் உதவியைச் சற்று உயர்த்துகிறார், அல்லது மயக்க மருந்தைச் சிறிது கூட்டுகிறார். நோயாளியின் நிலை மணிக்கு மணி மாறுவதால், சில மணி நேரம் கழித்து வந்து அதே வாயிலை மறுபடியும் ஒரு மூச்சுக்கு அடைத்துப் பார்க்கிறார்.